கரையாத மருந்தைக் கரைய வைக்கும் பாலிமர்: படர்தாமரை காப்ஸ்யூலுக்குள் நடக்கும் வேதியியல்

வட சென்னையில் வியர்வைக்கும் ஈரத்துக்கும் பஞ்சமில்லை. காசிமேட்டில் ஐஸ் தண்ணீரில் நின்று மீன் பிரிப்பவர்கள், துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குபவர்கள், தகரக் கூரைக்கு அடியில் நாள் முழுக்க லேத் ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் தொடை இடுக்கிலும் இடுப்பிலும் படர்தாமரை வருவதும் போவதும் மறுபடி வருவதும் பழகிப்போன தொல்லை. போதாக்குறைக்கு, கடந்த சில ஆண்டுகளில் இந்தியா முழுவதுமே இந்தப் பூஞ்சை எளிதில் மசியாததாக மாறிவிட்டது. முன்பு நன்றாகக் கேட்ட டெர்பினாஃபின் மாத்திரைக்குப் பலரிடம் இப்போது பலனில்லை. அதனால் தோல் மருத்துவர்கள் அதிகம் நம்புவது இட்ராகோனசோல் காப்ஸ்யூலை.

அந்தக் காப்ஸ்யூலின் மூடியைக் கழற்றினால் உள்ளே மாவு இருக்காது. கடுகைவிடச் சிறிய வெள்ளை மணிகள்தான் கொட்டும். ஒவ்வொரு மணியின் நடுவிலும் ஒரு குட்டிச் சர்க்கரை உருண்டை. அதன்மேல் மருந்தும் ஹைப்ரோமெல்லோஸ் என்ற பாலிமரும் (நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆன பொருள்) சேர்ந்த மெல்லிய பூச்சு. பருத்தியிலும் மரக்கூழிலும் இருக்கும் செல்லுலோஸிலிருந்து தயாராகும் பொருள்தான் இந்த ஹைப்ரோமெல்லோஸ். மாத்திரையில் மருந்தைத் தவிர மற்றதெல்லாம் வெறும் நிரப்புப் பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் காப்ஸ்யூலைப் பொறுத்தவரை அந்த நினைப்பு முழுத் தவறு. பாலிமரை எடுத்துவிட்டால், உள்ளே 100 மில்லிகிராம் மருந்து இருந்தும் உடம்புக்குக் கிடைப்பது சொற்பம்.

இட்ராகோனசோல் தண்ணீரில் எவ்வளவு கரையும் என்று பார்த்தால் இது புரியும். அமிலமோ காரமோ இல்லாத தண்ணீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய ஒரு மைக்ரோகிராம்தான் கரையும். அதாவது ஒரே ஒரு 100 மில்லிகிராம் காப்ஸ்யூலின் மருந்தைக் கரைக்க ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். இரைப்பையின் கடும் அமிலத்தில் நிலைமை பரவாயில்லை. ஒரு மில்லி லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் கரையும். அப்போதும் 20 லிட்டர் அளவுக்குத் தேவைப்படும். நாம் மாத்திரையோடு குடிப்பதோ ஒரு டம்ளர்.

அந்த ஒரு டம்ளர்தான் மருந்தியலில் அளவுகோலாகவும் இருக்கிறது. 1995-ல் அமெரிக்க மருந்தியல் ஆய்வாளர் கோர்டன் அமிடானும் அவரோடு பணியாற்றியவர்களும் வாய்வழி மருந்துகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்தார்கள். கேட்ட கேள்விகள் இரண்டுதான். மருந்து நன்றாகக் கரைகிறதா? குடல் சுவரை எளிதாகக் கடக்கிறதா? ஒரு வேளைக்கான உச்ச அளவு மருந்து, வயிற்றிலும் குடலிலும் இருக்கக்கூடிய அமில, கார நிலைகள் எல்லாவற்றிலும் 250 மில்லி நீருக்குள் கரைந்தால் அது நன்றாகக் கரையும் மருந்து. குடலை எளிதில் கடக்கும், ஆனால் கரையாது என்பவை இரண்டாம் வகுப்பு. கரையவும் கரையாது, கடக்கவும் கடக்காது என்பவை நான்காம் வகுப்பு. இட்ராகோனசோல் இரண்டாம் வகுப்பு. வலிப்புக்குத் தரும் கார்பமசெப்பைனும், காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் அதே வகுப்பில் வைத்துப் பேசப்படுபவை. இன்று விற்பனையில் உள்ள வாய்வழி மருந்துகளில் சுமார் 40 சதவீதம் சரியாகக் கரையாதவை என்பது மருந்துத் துறையில் பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஆய்வுக்கூடங்களில் புதிதாக உருவாகும் மூலக்கூறுகளில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். நோய் உண்டாக்கும் புரதத்தோடு இறுக்கமாகப் பிணையும் மூலக்கூறைத் தேடிப் போகும்போது, பெரிய, எண்ணெய்த்தன்மை கொண்ட மூலக்கூறுகளே அதிகம் அகப்படுகின்றன. அவற்றுக்குத் தண்ணீர் ஒட்டாது.

சரி, கரையாத ஒன்றை எப்படிக் கரைய வைப்பது? முதலில் தோன்றும் வழி, பொடியை இன்னும் நைசாக அரைப்பது. இதற்கான கணக்கு 1897-லேயே கிடைத்துவிட்டது. ஆர்தர் நோய்ஸும் வில்லிஸ் விட்னியும் பென்சாயிக் அமிலத்தையும் ஈயக் குளோரைடையும் தண்ணீரில் கரைத்துப் பார்த்து, ஒரு திடப்பொருள் எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதற்குச் சமன்பாடு தந்தார்கள். மேற்பரப்பு கூடினால் வேகம் கூடும் என்பது அதன் வழியே பின்னால் தெளிவானது. இன்று துகளை நானோமீட்டர் அளவுக்கே அரைக்க முடிகிறது. புற்றுநோய் சிகிச்சையின்போது வரும் வாந்தியைத் தடுக்கும் அப்ரெபிடன்ட் இப்படித்தான் 2003-ல் சந்தைக்கு வந்தது. இங்கேயும் ஒரு பாலிமர் தேவைப்பட்டது. அவ்வளவு சிறிய துகள்களைச் சும்மா விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மறுபடி கட்டியாகிவிடும். பாலிமர் ஒவ்வொரு துகளையும் போர்த்தி அவற்றை விலக்கி வைக்கிறது.

ஆனால் அரைப்பதால் கூடுவது பெரும்பாலும் வேகம் மட்டுமே. எவ்வளவு கரையும் என்ற உச்சவரம்பு ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். அந்த வரம்பைத் தாண்ட வேண்டுமென்றால் படிகத்தையே உடைக்க வேண்டும்.

திருவொற்றியூர் தேரோட்டத்தில் விற்கும் பஞ்சுமிட்டாயை எடுத்துக்கொள்ளுங்கள். (சாயத்துக்காகத் தமிழ்நாடு 2024-ல் அதைத் தடை செய்தது. அந்தத் தடை சரியானதே. இங்கே நான் சொல்வது அதிலிருக்கும் சர்க்கரையைப் பற்றி மட்டும்.) கற்கண்டும் பஞ்சுமிட்டாயும் ஒரே சர்க்கரைதான். கற்கண்டில் மூலக்கூறுகள் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டு, ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும். உருக்கிய சர்க்கரையைச் சட்டென்று இழையாக இழுத்துக் குளிரவிடும்போது அப்படி அடுக்கிக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. மூலக்கூறுகள் கலைந்தபடியே உறைந்துபோகின்றன. இதற்குப் படிகமற்ற நிலை என்று பெயர். வாயில் வைத்த நொடியில் அது கரைவதற்கு இழை மெல்லியதாக இருப்பது ஒரு காரணம். பிரித்தெடுக்கப் படிகக் கட்டு எதுவும் இல்லாதது இன்னொரு காரணம். கடற்காற்றில் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். ஈரத்தை இழுத்து, சுருங்கி, பிசுபிசுத்து, கடைசியில் மறுபடி படிகமாகிவிடும்.

மருந்திலும் இதே வரமும் இதே சாபமும் உண்டு. படிகமற்ற நிலையில் உள்ள மருந்து, படிகமாக இருப்பதைவிடப் பல மடங்கு செறிவாகத் தண்ணீரில் இறங்கும். ஆனால் அதன் மூலக்கூறுகள் எப்போதும் மறுபடி அடுக்கிக்கொள்ளவே பார்க்கும். தொழிற்சாலையிலிருந்து நோயாளியின் குடல் வரை, இரண்டு மூன்று ஆண்டுகள் ஆனாலும், அவற்றை அடுக்கிக்கொள்ள விடாமல் பார்த்துக்கொள்வதுதான் பாலிமரின் பொறுப்பு.

அது இதை இரண்டு இடங்களில் செய்கிறது. முதலாவது, மாத்திரைக்குள். படிகமற்ற எந்தப் பொருளுக்கும் ஒரு கண்ணாடி நிலை மாற்ற வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே மூலக்கூறுகள் உறைந்தபடி கிடக்கும். அதை நெருங்கினால் அசையத் தொடங்கும். வலி நிவாரணியான இண்டோமெதசினுக்கு இது 42 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது, இட்ராகோனசோலுக்கு 59 டிகிரி அளவில். அக்னி நட்சத்திரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டுக்குள் இருக்கும் சூட்டை நினைத்துக்கொண்டால் இந்த எண்களின் ஆபத்து தெரியும். அசைவு முழுவதும் அடங்க, அந்த வெப்பநிலைக்குச் சுமார் 50 டிகிரி கீழே வைத்திருக்க வேண்டும் என்பது துறையில் கையாளும் பொது விதி. பாலிவினைல் பைரோலிடோன் என்ற போவிடோனுக்கோ இந்த வெப்பநிலை 150 டிகிரிக்கும் மேல். மருந்தையும் அதையும் மூலக்கூறு மட்டத்தில் கலந்துவிட்டால் கலவையின் வெப்பநிலை இரண்டுக்கும் நடுவே உயர்ந்து நிற்கும். கூடவே, இண்டோமெதசின் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகக் கைகோத்துக்கொள்ளும் இடத்தில் போவிடோன் நுழைந்து, ஹைட்ரஜன் பிணைப்பால் தானே அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறது. ஜோடி சேர முடியாவிட்டால் படிகம் தொடங்க முடியாது.

இரண்டாவது இடம் குடல். மாத்திரை உடைந்ததும் மருந்து வேகமாக இறங்கி, அதிதெவிட்டிய கரைசலாக நிற்கிறது. தண்ணீர் தாங்கக்கூடிய அளவைவிட அதிகம் இருப்பதால், விட்டால் சில நிமிடங்களிலேயே வீழ்படிவாகிவிடும், அதாவது மறுபடி திடமாகப் பிரிந்து விழுந்துவிடும். கரைந்திருக்கும் பாலிமர், மருந்து மூலக்கூறுகள் கூடிக் கரு உண்டாவதையும், உண்டான கரு வளர்வதையும் தாமதப்படுத்துகிறது. சில மணி நேரம் தாக்குப்பிடித்தால் போதும்; அதற்குள் மருந்து குடல் சுவரைக் கடந்து ரத்தத்துக்குப் போய்விடும். ஹைப்ரோமெல்லோஸும், அதன் உறவான ஹைப்ரோமெல்லோஸ் அசிட்டேட் சக்சினேட்டும் இந்த இரண்டாவது வேலையில் கெட்டிக்காரர்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த அம்சமே இதுதான். மருந்தின் இயல்பான கரைதிறனை யாரும் மாற்றவில்லை; அது அப்படியேதான் இருக்கிறது. தேவையான சில மணி நேரத்துக்கு மட்டும் அதை மீறி நிற்க வைக்கிறார்கள்.

இந்த யோசனை புதியதல்ல. ஜப்பானில் செகிகுச்சியும் ஓபியும் சல்ஃபாதயசோல் என்ற மருந்தை யூரியாவோடு உருக்கிச் சேர்த்தது 1961-ல். தண்ணீரில் யூரியா கரைந்து போக, மருந்து மிக நுண்ணிய துகளாக வெளிப்பட்டது. 1965-ல் அதே நாட்டில் தச்சிபானாவும் நகமுராவும் கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினைப் போவிடோனில் கலந்து தண்ணீரில் பரவச் செய்தார்கள். அப்புறம் ஆய்வுக் கட்டுரைகள் ஏராளமாக வந்தன. கடைக்கு வந்த மருந்துகளோ கைவிரலில் எண்ணக்கூடியவை. இரண்டு தடைகள் இருந்தன. ஆய்வுக்கூடத்தில் ஒரு கிண்ணத்தில் செய்ததை டன் கணக்கில் செய்ய வழியில்லை. செய்தாலும், அலமாரியில் இருக்கும்போதே மருந்து படிகமாகிவிடுமோ என்ற பயம் போகவில்லை.

அந்தப் பயம் வீணானதல்ல என்பதை ரிட்டோனவிர் காட்டியது. எச்ஐவி சிகிச்சைக்கான இந்த மருந்தை அபாட் நிறுவனம் 1996-ல் காப்ஸ்யூலாக வெளியிட்டது. உள்ளே மருந்து கரைசலாகவே இருந்தது. கரைந்திருக்கும் மருந்துக்குப் படிக வடிவத்தைப் பற்றிக் கவலை எதற்கு என்று எண்ணியிருந்தார்கள். 1998-ல் சில தொகுதிகள் கரைதல் சோதனையில் தோற்றன. சோதித்துப் பார்த்தால், அதுவரை யாரும் கண்டிராத இன்னொரு படிக வடிவம். பழையதைவிட நிலையானது, கரைவதோ மிகவும் குறைவு. ஒருமுறை அதன் துகள் தொழிற்சாலையில் பரவிய பிறகு பழைய வடிவத்தைத் தயாரிப்பதே சிரமமாகிவிட்டது. காப்ஸ்யூல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. நோயாளிகள் குமட்டும் சுவையுள்ள திரவ மருந்தைக் குடிக்க வேண்டியிருந்தது. ஒரே மூலக்கூறு, அதே தூய்மை. மூலக்கூறுகள் அடுக்கிக்கொண்ட விதம் மட்டும் மாறியது.

இதற்குத் தீர்வு கொடுத்தது பிளாஸ்டிக் தொழிலிலிருந்து வந்த எந்திரம். குழாய் தயாரிக்கும் எக்ஸ்ட்ரூடர் போன்ற ஒன்றில் மருந்தையும் கோபோவிடோன் என்ற பாலிமரையும் போட்டு, சூடாக்கி, இரட்டைத் திருகால் பிசைந்து, ஒரே கலவையாக வெளித்தள்ளிக் குளிர வைத்து, பொடித்து மாத்திரையாக்கினார்கள். இன்னொரு எச்ஐவி மருந்தான லோபினவிரும் ரிட்டோனவிரும் சேர்ந்த கலெட்ரா மாத்திரை இந்த முறையில் 2005-ல் வந்தது. முந்தைய மென் காப்ஸ்யூலை ஒரு நாளைக்கு ஆறு விழுங்க வேண்டும், ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். மாத்திரையோ நாளுக்கு நான்கு போதும், ஃபிரிட்ஜ் தேவையில்லை, சாப்பாட்டோடுதான் விழுங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான், 1986-ல், மதராஸ் மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன் தலைமையில். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளும், மின்வெட்டும், மருந்துப் புட்டியை அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள வேண்டிய நெருக்கடியும் உள்ள ஊரில், குளிர்சாதனம் வேண்டாத மாத்திரை எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு முறை தெளித்து உலர்த்துவது. பால் பவுடர் தயாரிப்பதும் இப்படித்தான். மருந்தையும் பாலிமரையும் ஒரு கரைப்பானில் கரைத்து, சூடான காற்றில் பனிபோலத் தெளித்தால் கரைப்பான் நொடியில் ஆவியாகும். மருந்துக்குப் படிகமாக நேரம் இருக்காது. நம் இட்ராகோனசோல் மணியும் ஏறக்குறைய இதே வழியில் உருவாகிறது. கரைசலை வெட்டவெளியில் தெளிக்காமல், காற்றில் மிதந்து சுழலும் சர்க்கரை உருண்டைகள் மேல் தெளிக்கிறார்கள். யான்சென் நிறுவனத்தின் இந்தக் காப்ஸ்யூல் ஸ்போரனாக்ஸ் என்ற பெயரில் 1992-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

வட சென்னையில் பெட்ரோ வேதியியல் ஆலைகள் நிறைந்த மணலியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. சுத்திகரிப்பு ஆலையிலிருந்து கிடைக்கும் புரொப்பிலீனைக் கொண்டு அங்கே புரொப்பிலீன் ஆக்சைடும், அதிலிருந்து புரொப்பிலீன் கிளைக்காலும், நுரைப் பஞ்சுக்கு மூலப்பொருளான பாலியால்களும் தயாராகின்றன. புரொப்பிலீன் கிளைக்கால் பல திரவ மருந்துகளில் கரைப்பான். புரொப்பிலீன் ஆக்சைடையும் எத்திலீன் ஆக்சைடையும் சங்கிலியாகக் கோத்தால் வருவது போலோக்சாமர். ஒரு பகுதி எண்ணெயை விரும்பும், மறு பகுதி தண்ணீரை விரும்பும்; தண்ணீரில் தானாகவே சிறு உருண்டைகளாகத் திரண்டு, கரையாத மருந்தை நடுவில் பொதிந்துகொள்ளும். மணலி என்றால் நமக்குக் காற்றின் நாற்றமும் வெள்ளத்தில் மிதந்த எண்ணெயும்தான் நினைவுக்கு வரும். அந்தக் கோபம் நியாயமானது, அது ஆற வேண்டியதும் இல்லை. அதே வேதியியல் குடும்பம் மருந்துக்குள்ளும் வேலை செய்கிறது என்பதையும் நம் பகுதிப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

மீண்டும் மருந்துக்கடைக்கு வருவோம். “எல்லாம் ஒரே 100 மில்லிகிராம்தானே, எது மலிவோ அதைக் கொடுங்கள்” என்பது நியாயமான கேள்வி. நன்றாகக் கரையும் மருந்துகளில் பெரும்பாலும் அது சரியும்கூட. பாராசிட்டமாலுக்குப் பெயர் பார்த்துப் பணம் கொடுக்க அவசியமில்லை. கரையாத மருந்துகளில் கதை வேறு. மருந்தும் பாலிமரும் எந்த விகிதத்தில் உள்ளன, மணி எவ்வளவு பெரியது, பூச்சு சீராக இருக்கிறதா, மருந்து உண்மையிலேயே படிகமற்ற நிலையில் இருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் ரத்தத்துக்குப் போகும் அளவைத் தீர்மானிக்கின்றன. இந்தியத் தோல் மருத்துவர்கள் பல நிறுவனங்களின் இட்ராகோனசோல் காப்ஸ்யூல்களைத் திறந்து, மணிகளின் எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிட்டு ஆய்வே வெளியிட்டிருக்கிறார்கள். பெயருக்குப் பெயர் வேறுபாடு தெரிந்தது. லேபிளில் எண் மட்டும் ஒன்றுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகத்தில் செய்வது கரைதல் சோதனை. 37 டிகிரி வெப்பத்தில் வைத்த ஒரு பாத்திரத் திரவத்தில் மாத்திரையைப் போட்டு, துடுப்பைச் சுழற்றி, எத்தனை நிமிடத்தில் எவ்வளவு கரைந்தது என்று பார்ப்பார்கள். மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் அமெரிக்க மருந்து நூலில் இது இடம்பெற்றது 1970-ல். அதைவிட உறுதியானது, ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு மருந்தைக் கொடுத்து, முதன்முதலில் வந்த நிறுவனத்தின் மூல மருந்துக்கு இணையாக ரத்தத்தில் சேர்கிறதா என்று ஒப்பிடும் உயிரிச் சமநிலைச் சோதனை. இந்தியாவில் 2017 ஏப்ரலில்தான் விதி திருத்தப்பட்டு, இரண்டாம், நான்காம் வகுப்பு வாய்வழி மருந்துகளுக்கு உரிமம் கேட்கும் எல்லோரும் இந்தச் சோதனையின் முடிவைத் தர வேண்டும் என்றானது. அதற்கு முன், ஒரு மருந்து நாட்டில் அனுமதி பெற்று நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டால், பின்னால் வரும் நிறுவனங்கள் மாநில உரிமத்தோடு, இந்தச் சோதனை இல்லாமலே தயாரிக்க முடிந்தது. இவ்வளவு தாமதமாக இந்த விதி வந்தது வருத்தத்துக்குரியது. நோயாளிகளில் பலர் “மருந்து கேட்கவில்லை” என்று சொன்னபோது, கேட்காதது மருந்தா, கரையாத காப்ஸ்யூலா என்று பிரித்துப் பார்க்க வழி இல்லாமல் இருந்தது.

இப்போது கடைகளில் 65 மில்லிகிராம், 50 மில்லிகிராம் என்று குறைந்த அளவில் ‘சூப்பர் பயோஅவைலபிள்’ (ரத்தத்தில் கூடுதலாகச் சேரக்கூடிய) இட்ராகோனசோலும் கிடைக்கிறது. அளவைக் குறைத்து ஏமாற்றுகிறார்கள் என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். இல்லை. இதில் இருப்பது ஹைப்ரோமெல்லோஸ் தாலேட். இந்தப் பாலிமர் இரைப்பை அமிலத்தில் கரையாது, குடலில்தான் கரையும். உறிஞ்சப்படும் இடத்திலேயே மருந்து வெளிப்படுவதால் குறைந்த அளவே போதுமானதாகிறது. அதனால் பழைய 100 மில்லிகிராமும் புதிய 65 மில்லிகிராமும் எண்ணைப் பார்த்து மாற்றிக்கொள்ளக் கூடியவை அல்ல. மருத்துவர் எதை எழுதினாரோ அதைத்தான் வாங்க வேண்டும். கடையில் வேறு கொடுத்தால் அவரிடம் கேட்டுவிட வேண்டும்.

வழக்கமான மணிக் காப்ஸ்யூலுக்கு நம் ஊர்ப் பழக்கம் ஒன்று பெரிய எதிரி. எந்தச் சீட்டாக இருந்தாலும் கூடவே ஒரு கேஸ் மாத்திரை. ஒமெப்ரசோலும் பான்டோப்ரசோலும் இரைப்பை அமிலத்தை அடக்குவதற்கானவை. இட்ராகோனசோல் மணியோ அமிலத்தில்தான் தன் மருந்தை விடும். ஒமெப்ரசோல் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்துக்குப் போன இட்ராகோனசோல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்ததாக ஆய்வு உண்டு. ஆண்டாசிட் டானிக் குடிப்பவர்கள் அதற்கும் காப்ஸ்யூலுக்கும் இடையே இடைவெளி விட வேண்டும்: டானிக் குடித்து ஒரு மணி நேரமாவது கழித்துக் காப்ஸ்யூல், அல்லது காப்ஸ்யூல் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து டானிக். காப்ஸ்யூலை வெறும் வயிற்றில் போடாமல் முழுச் சாப்பாடு முடிந்த கையோடு விழுங்குவது நல்லது. இதயம் பலவீனமானவர்களும், கொழுப்புக்கு சிம்வாஸ்டாடின் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் இந்த மருந்தைத் தொடவே கூடாது.

அடுத்தது வைக்கும் இடம். நம் நாட்டுக்கான மருந்துகளின் ஆயுளை 30 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் என்ற நிலையில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள். கடலோர வட சென்னை வீடுகளில் ஆண்டின் பல மாதங்கள் இதைத் தாண்டிவிடும். தண்ணீர் உள்ளே போனால் பாலிமர் இளகும், கண்ணாடி நிலை மாற்ற வெப்பநிலை இறங்கும், மருந்து அசையத் தொடங்கும், படிகமாகும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. எடை போட்டால் மில்லிகிராமும் குறையாது. கார்பமசெப்பைன் மாத்திரைகளில் பாலிமர் கதை இல்லாவிட்டாலும், ஈரம் பட்டால் அவற்றின் பலன் மூன்றில் ஒரு பங்கு வரை குறையலாம் என்று 1990-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்ததற்குக் காரணமும் படிகம் மாறுவதே. அதனால் ஒரு வாரத்து மாத்திரைகளை மொத்தமாகப் பட்டையிலிருந்து பிதுக்கி டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். இருபுறமும் அலுமினியமாக இருக்கும் அந்தப் பட்டை, ஈரம் புகாமலிருக்கவே விலை கொடுத்துச் செய்யப்பட்டது. அடுப்பங்கரை மாடமும், ஃபிரிட்ஜின் உச்சியும், பைக்கின் சீட்டுக்கு அடிப்பகுதியும் இந்த மருந்துகளுக்கு ஆகாத இடங்கள். காப்ஸ்யூலுக்குள் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகத் தெரிந்தால் பில்லோடு கடைக்கே எடுத்துப் போய் மாற்றிக் கேளுங்கள். கடைக்காரர் அந்தத் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு தயாரிப்பாளருக்கோ மருந்து ஆய்வாளருக்கோ தெரிவிக்கலாம்.